மைனர் லீக் பார்க்காத பிட்சர்: சாண்டி கோஃபாக்ஸ் உருவான விதம்

சாண்டி கோஃபாக்ஸ், அமெரிக்க பேஸ்பாலில் இளைஞர்கள் தொழில் பழகும் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. பேஸ்பால் வரலாற்றில் மிகச் சிறந்த இடதுகைப் பிட்சர் யார் என்ற பேச்சு எழுந்தால் முதலில் வரும் இரண்டு மூன்று பெயர்களில் அவர் பெயர் நிச்சயம் இருக்கும். 1972இல், 36 வயதில், பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். அவரைவிட இளம் வயதில் அங்கே தேர்வானவர் யாருமில்லை. ஆனால் அவருடைய முதல் ஆறு சீசன்களின் கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆறு சீசன்களில் 129 வெற்றி, 47 தோல்வி.

1960க்கும் 1961க்கும் நடுவில் ஒரே நாளில் அற்புதம் நடந்துவிட்டதாகவே இந்தக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். ஒரு கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) மைதானத்தில் ஒரு வார்த்தை சொன்னார், எல்லாம் சரியாகிவிட்டது என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆண்டுவாரியாக எண்களை எடுத்துவைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. ஓர் ஒப்பந்த விதி அந்தப் பையனைத் தொழில் கற்க வேண்டிய இடத்துக்கே போகவிடவில்லை. அங்கே இரண்டு மூன்று வருடங்களில் முடிந்திருக்க வேண்டிய படிப்பை அவர் ஆறு வருடம் உச்சநிலையான மேஜர் லீக்கில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, விட்டுவிட்டுப் படித்தார்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில்போல இங்கே ஓடிவந்து வீசுவதில்லை. பிட்சர் ஒரு மண்மேட்டின் மேல் ரப்பர் பலகையில் கால் வைத்து நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளியிருக்கும் ஹோம் பிளேட்டை நோக்கி எறிய வேண்டும். முழங்கையை மடக்கி எறியலாம். பந்து தரையில் குத்தாமல் நேராகப் போய்ச் சேர வேண்டும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, அடிப்பவரின் முழங்காலிலிருந்து அக்குள்வரை உள்ள கற்பனைப் பெட்டிதான் அன்றைய ஸ்ட்ரைக் மண்டலம். பெட்டிக்குள் வந்த பந்தை விட்டாலோ, மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அடிப்பவர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அடிப்பவர் மட்டையைச் சுழற்றாமல் விட்ட நான்கு பந்துகள் பெட்டிக்கு வெளியே போனால் அவர், ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய மூன்று பேஸ்களில் முதலாவதற்குச் சும்மா நடந்துபோகலாம், அதுதான் வாக். கோஃபாக்ஸின் ஆரம்பகாலப் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

1935 டிசம்பர் 30இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது பெயர் சான்ஃபோர்ட் ப்ரான். பெற்றோர் பிரிந்த பிறகு, அவருடைய ஒன்பதாவது வயதில் தாய் எவ்லின் மறுமணம் செய்துகொண்டார். கோஃபாக்ஸ் என்ற பெயர் வளர்ப்புத் தந்தை இர்விங் கோஃபாக்ஸிடமிருந்து வந்தது. பென்சன்ஹர்ஸ்ட் பகுதியில் யூதர்கள் அடர்த்தியாக வாழ்ந்த காலம் அது. அங்கிருந்த யூத சமூக நிலையத்தில் பையன் விளையாடியது பெரும்பாலும் கூடைப்பந்து. லஃபாயெட் உயர்நிலைப் பள்ளியிலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கூடைப்பந்துதான். பள்ளி பேஸ்பால் அணியில் அவர் பிட்சர்கூட இல்லை, முதல் பேஸில் நின்றவர். உள்ளூர் லீக் அணியொன்றின் பயிற்சியாளரான மில்ட் லாரி அவர் பந்தைத் திருப்பி எறிகிற வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேட்டில் ஏற்றினார். பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் பிட்சிங்கையே தொட்டிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் நடந்ததில் பாதியை இது ஒன்றே விளக்கிவிடும்.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கூடைப்பந்தை நம்பித்தான். அங்கே புதுமாணவர் கூடைப்பந்து அணிக்கும் பேஸ்பால் அணிக்கும் எட் ஜக்கர் ஒருவரே பயிற்சியாளர். 1954 வசந்தத்தில் கோஃபாக்ஸ் கல்லூரிக்காக ஆடிய ஒரே பேஸ்பால் சீசனில் 51 ஸ்ட்ரைக்அவுட், 30 வாக். எறிந்தது முப்பது சொச்சம் இன்னிங்ஸ்தான். இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய ஒரு வாக். அடுத்த ஆறு வருடத்துக்கான படம் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

பிறகு திறன் பார்க்கும் முகாம்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பதற்றத்தில் பந்து கேட்சரின் தலைக்கு மேலே பறந்தது; அங்கே வாய்ப்பு முடிந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் பந்தைப் பிடித்த பயிற்சியாளர் சாம் நாரனின் கட்டைவிரல் உடைந்தது. ஜாக்கி ராபின்சனை மேஜர் லீக்குக்குக் கொண்டுவந்த பிராஞ்ச் ரிக்கி அப்போது பைரேட்ஸின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தான் பார்த்ததிலேயே சிறந்த கை இது என்று தன் ஸ்கவுட்டிடம் (புது ஆட்டக்காரர்களைத் தேடுபவர்) சொன்னாராம். ஒப்பந்தத்தை மட்டும் நீட்டவில்லை. டாட்ஜர்ஸ் அணியின் ஸ்கவுட் அல் காம்பானிஸ் அவரை எபெட்ஸ் ஃபீல்டுக்கு அழைத்தார். மேலாளர் வால்டர் ஆல்ஸ்டனும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேகப்பந்தைப் பார்த்து மயிர்க்கூச்செறிந்தது என்று காம்பானிஸ் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1954 டிசம்பரில் ஒப்பந்தம். சம்பளம் 6,000 டாலர், கையெழுத்துக்கான போனஸ் 14,000 டாலர். பேஸ்பால் சரிப்படாவிட்டால் படிப்பை முடிக்கப் பணம் வேண்டும் என்பது குடும்பத்தின் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் அன்றைய விதிப்படி, 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கும் இளைஞரை அணி இரண்டு வருடம் மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருந்தாக வேண்டும், மைனர் லீக்குக்கு அனுப்பக்கூடாது. பணக்கார அணிகள் இளைஞர்களை எல்லாம் வாங்கித் தங்கள் கிளை அணிகளில் அடைத்துவைப்பதைத் தடுக்கவே அந்த விதி வந்தது. நோக்கம் நல்லது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள். நீச்சல் பழகும் பையனைக் குளத்துக்கு அனுப்பாமல் கடலோரம் உட்காரவைத்து, எப்போதாவது ஒருநாள் ஆழத்தில் இறக்கிவிடுவதைப் போன்றது அது.

எல்லோரையும் இந்த விதி ஒரே மாதிரி பாதிக்கவில்லை. 1953இல் இதே விதியில் வந்த டெட்ராய்ட்டின் அல் கேலைன் 1955இல், 20 வயதிலேயே, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சாம்பியன் ஆனார். அடிப்பவருக்குத் தினமும் ஆட்டம் கிடைத்தால் தினமும் பல வாய்ப்புகள். பிட்சருக்கு நான்கைந்து நாளுக்கொருமுறைதான் முறை வரும். அதையும் மேலாளர் மறுத்தால் கற்க வழியே இல்லை.

கோஃபாக்ஸ் வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட அணியில்தான். 1955இல் டாட்ஜர்ஸ் கோப்பைக்குப் போராடும் அணி. பயிற்சிக் காலத்தில் கணுக்காலில் அடிபட்டு உட்கார்ந்திருந்தவர் ஜூனில் பட்டியலுக்குத் திரும்பியபோது, அவருக்கு இடம்விட்டு மான்ட்ரியால் கிளை அணிக்குப் போனவர் டாமி லசோர்டா. பின்னாளில் அதே டாட்ஜர்ஸுக்குப் பல ஆண்டுகள் மேலாளராக இருந்த அதே லசோர்டாதான்.

ஜூன் 24, மில்வாக்கி பிரேவ்ஸுக்கு எதிராக, ஐந்தாவது இன்னிங்ஸில் முதன்முறையாக மேட்டில் ஏறினார். முதல் ஆள் ஜானி லோகன். மட்டையில் அரைகுறையாகப் பட்ட பந்து உள்வட்டத்துக்குப் பின்னால் விழ, அவர் முதல் பேஸை அடைந்தார். அடுத்து எடி மேத்யூஸ் பன்ட் செய்தார், அதாவது மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டினார். பந்தைப் பொறுக்கிய கோஃபாக்ஸ் இரண்டாம் பேஸுக்கு எறிய, அது சென்டர் ஃபீல்டுக்குப் பறந்தது. மூன்றாவது ஹாங்க் ஆரன். நான்கே பந்தில் வாக். பேஸ்கள் நிரம்பி, ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் பாபி தாம்சனை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அடுத்த பந்தடி டபுள் பிளே (ஒரே அடியில் இருவர் அவுட்) ஆக, ரன் எதுவும் போகாமல் இன்னிங்ஸ் முடிந்தது. கோஃபாக்ஸ் என்ற பிட்சரின் பலம், பலவீனம் இரண்டும் அந்த ஐந்து பேருக்கு எறிந்ததிலேயே தெரிந்துவிட்டன.

ஆகஸ்ட் 27இல் சின்சினாட்டியை இரண்டே ஹிட்டில் (அடித்துப் பேஸை அடைவது ஹிட்), 14 ஸ்ட்ரைக்அவுட்டோடு, ரன் தராமல் அடக்கினார். அது முதல் வெற்றி. 19 வயது. அப்படி ஆடிய ஒருவருக்கு அடுத்து நிறைய வேலை கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1955இல் மொத்தம் 41⅔ இன்னிங்ஸ், 1956இல் 58⅔. இரண்டு வருடத்தில் நூறு இன்னிங்ஸை ஒட்டி. வழக்கமாகத் தொடங்கும் ஒரு பிட்சர் ஒரே சீசனில் 200ஐத் தாண்டிவிடுவார். மைனர் லீக்கில் இருந்திருந்தால் இவரும் ஒவ்வொரு கோடையிலும் முறை தவறாமல் எறிந்திருப்பார், வாக் கொடுத்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 1955 சீசனில் டாட்ஜர்ஸ், பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. அவர் பட்டியலில் இருந்தார், ஒரு பந்தும் எறியவில்லை. ஏழாவது ஆட்டம் முடிந்த அன்று மாலை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வகுப்புக்குப் போனார்.

கட்டாய இரண்டு வருடம் முடிந்த பிறகும் நிலை உடனே மாறவில்லை. 1957 மே மாதம் கப்ஸ் அணியை 13 ஸ்ட்ரைக்அவுட்டோடு வீழ்த்திச் சில வாரம் தொடர்ந்து முறை கிடைத்து நன்றாகவும் எறிந்தார். பிறகு 45 நாள் ஓர் ஆட்டத்தையும் தொடங்கவிடவில்லை. இந்த இடத்தில் ஆல்ஸ்டன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. கோப்பைக்கு ஓடும் மேலாளர் நம்பகமான கையைத்தான் தேடுவார். ஆனால் கட்டுப்பாடு வர இன்னிங்ஸ் வேண்டும், இன்னிங்ஸ் கிடைக்கக் கட்டுப்பாடு வேண்டும் என்ற சுழலை வெளியிலிருந்து யாராவதுதான் உடைத்தாக வேண்டும். எப்போதாவது ஒருமுறை வாய்ப்பு வருபவன் ஒவ்வொரு பந்திலும் தன்னை நிரூபிக்கப் பார்ப்பான். அங்கேதான் உடல் இறுகுகிறது.

அந்த இறுக்கம் பந்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிட்சர் கை நீட்டிப் பந்தை விடும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு ஏறக்குறைய 55 அடி. விடும் கோணத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் பந்து பிளேட்டை அடையும்போது 11 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். பிளேட்டின் பாதி அகலமே எட்டரை அங்குலம். நடுவைக் குறிவைத்த பந்துகூட ஒரு டிகிரி தவறினால் வெளியே. மிதமிஞ்சிய வேகத்துக்காக உடலை முறுக்கும்போது முதலில் நடப்பது, முன்தோள் நேரத்துக்கு முன்பே திறந்துகொள்வது. கை பின்தங்கிவிடும். பந்தைச் சற்று முன்னதாக விட்டால் மேலே போகும், சற்றுத் தாமதித்தால் மண்ணில் குத்தும். 1958இல் அவர் 17 முறை கேட்சருக்கு எட்டாத பந்துகளை எறிந்து லீக்கிலேயே முதலிடம் பெற்றது இதனால்தான். அந்த வருடம் 158⅔ இன்னிங்ஸில் 105 வாக்.

பிடி இன்னொரு சிக்கல். அவருடைய முக்கியப் பந்து நான்கு தையல் ஃபாஸ்ட்பால்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்காக மேலே, கட்டைவிரல் கீழே. விரல்நுனி கடைசியாகத் தையலை இழுத்துவிடும்போது பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சி புவியீர்ப்பு இழுக்கும் அளவைக் குறைப்பதால், அடிப்பவருக்குப் பந்து மேலே எழும்புவதுபோலத் தோன்றும். ஆனால் பந்தை நெருக்கிப் பிடித்தால் மணிக்கட்டும் முன்கையும் விறைத்துவிடும். விறைத்த மணிக்கட்டு சுண்டாது. கஷ்டப்பட்டு எறிந்தும் வேகமும் சுழற்சியும் குறைவாகவே கிடைக்கும். கர்வ்பாலில் இன்னும் மோசம். தலைக்கு நேர் மேலிருந்து எறிந்து, முன்னோக்கிச் சுழலவிட்டு, நேராகக் கீழே விழவைக்கும் பந்து அது. பிடி தளர்வாக இல்லையென்றால் விழாமல் தொங்கும், தொங்கிய பந்தை மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது கோளாறை டாட்ஜர்ஸ் ஸ்கவுட் கென்னி மையர்ஸ் கண்டுபிடித்தார். கைகளை உயர்த்திப் பின்னால் சாயும்போது கோஃபாக்ஸ் தலையை அவ்வளவு தூரம் பின்னுக்குக் கொண்டுபோனார், கேட்சரின் கையுறை ஒரு கணம் அவர் கண்ணிலிருந்து மறைந்தது. குறியைத் தொலைத்துவிட்டு மறுபடி தேடிப் பிடித்து எறிவது. கேட்டால் சின்ன விஷயம். அதைத் திருத்த யாருக்கும் ஆறு வருடம் தோன்றவில்லை. கிளை அணி ஒன்றில், தினமும் அருகில் நின்று பார்க்கும் பயிற்சியாளர் இருந்திருந்தால் முதல் கோடையிலேயே பிடித்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1958இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து கொலிசியம் மைதானத்தில் ஆடியது. தடகளத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டிய அரங்கில் பேஸ்பாலைத் திணித்ததால் இடப்பக்க வேலி 250 அடி சொச்சத்தில் நின்றது. 42 அடி உயரத்துக்கு வலை கட்டிச் சமாளித்தார்கள். வலதுகை ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம், இடதுகைப் பிட்சருக்குத் தலைவலி. அங்கேதான் 1959 ஆகஸ்ட் 31இல் ஜயண்ட்ஸுக்கு எதிராக 18 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து பாப் ஃபெல்லரின் சாதனையைச் சமன்செய்தார். அந்த வருட உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 92,706 பேர் முன்னிலையில் 1-0 என்று தோற்றார். அபாரமான நாட்கள் இருந்தன. அடுத்த நாள் எப்படி இருக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

1960 முடிவில் 8 வெற்றி, 13 தோல்வி, 175 இன்னிங்ஸில் 100 வாக். சீசன் முடிந்த அன்று காலணியையும் கையுறைகளையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். உடைமாற்றும் அறையைக் கவனித்த நோபி கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அந்தக் குளிர்காலத்தில் கோஃபாக்ஸ் இன்னும் ஒரு வருடம், முழுமூச்சாக, என்று முடிவெடுத்து உடலைத் தயார்செய்தார்.

1961 மார்ச்சில் ஆர்லாண்டோவில் மினசோட்டா ட்வின்ஸோடு ஒரு பயிற்சி ஆட்டம். கணக்கில் வராத ஆட்டம், இரண்டாம் வரிசை அணி. இன்னொரு பிட்சர் விமானத்தைத் தவறவிட்டதால் கோஃபாக்ஸ் ஏழு இன்னிங்ஸ் எறிய வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே வாக் கொடுத்துப் பேஸ்களை நிரப்பினார். கேட்சர் நார்ம் ஷெர்ரி மேட்டுக்கு நடந்துவந்து, வேகத்தைக் கொஞ்சம் குறை, கர்வ்பாலையும் கலந்து எறி, அவர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்றார். அடுத்த மூவரும் ஸ்ட்ரைக்அவுட். ஏழு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. குறைத்து எறிய முயன்றபோதுதான் பந்து முன்னைவிட வேகமாக வந்தது என்று ஷெர்ரி பின்னர் சொன்னார். மேலே பிடியைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள், இதில் மர்மம் எதுவும் இல்லை.

இதோடு ஆலன் ராத்தின் எண்களும் சேர்ந்தன. 1947இலிருந்து டாட்ஜர்ஸில் முழுநேரப் புள்ளியியலாளராக இருந்த ராத், முதல் பந்தையே ஸ்ட்ரைக்காக எறிந்தால் அந்த மோதலின் போக்கே எப்படி மாறுகிறது என்று காட்டினார். ஷெர்ரி, ராத் இருவருமே யூதர்கள் என்பது தற்செயல்தான், ஆனாலும் குறிப்பிடத் தோன்றுகிறது.

1961: 255⅔ இன்னிங்ஸ், 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக்அவுட். டாட்ஜர்ஸ் ஆடிய பிரிவான நேஷனல் லீக்கில் 1903இல் கிறிஸ்டி மேத்யூசன் வைத்த சாதனை 267. வாக் 96தான், ஒன்பது இன்னிங்ஸுக்கு என்று கணக்கிட்டால் முந்தைய வருடம் 5.1 ஆக இருந்தது 3.4 ஆக இறங்கியது. டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சர்களுக்கு உதவியது, 1962இல் இரண்டு புது அணிகள் சேர்ந்ததால் லீக் பலவீனமானது, 1963இல் ஸ்ட்ரைக் மண்டலத்தைத் தோள்வரை உயர்த்தினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவை பின்னால் உதவியது உண்மைதான். ஆனால் 1961இல் அவற்றில் எதுவும் இல்லை. அதே கொலிசியம், அதே எட்டு அணிகள், அதே மண்டலம். மாறியது அவருடைய தலை, பிடி, வேலைப்பளு.

பிறகு நடந்தது நன்கு தெரிந்த வரலாறு: 1963இல் 25-5, 306 ஸ்ட்ரைக்அவுட், 1965 செப்டம்பர் 9இல் கப்ஸுக்கு எதிராக ஒருவரைக்கூடப் பேஸை அடையவிடாத பெர்ஃபெக்ட் கேம், அந்த வருடம் 382 ஸ்ட்ரைக்அவுட். 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரில் விழுந்ததால் அவர் எறிய மறுத்தார். 1934இல் ஹாங்க் கிரீன்பெர்க் அதே புனித நாளில் டெட்ராய்ட்டுக்கு ஆடாமல் இருந்த முன்னுதாரணம் இருந்தது. கோஃபாக்ஸ் இடத்தில் எறிந்த டான் டிரைஸ்டேல் அடி வாங்க, ஆட்டம் 8-2 என்று போனது. ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் வந்த கோஃபாக்ஸ் மூன்று ஹிட் மட்டும் கொடுத்து 2-0 என்று வென்றார். அதற்குள் இடது முழங்கையில் மூட்டுவாதம் முற்றியிருந்தது. கார்ட்டிசோன் ஊசி, ஆட்டத்துக்குப் பின் பனிக்கட்டித் தண்ணீரில் கை. 1966இல் 323 இன்னிங்ஸ் எறிந்து 27 வெற்றி பெற்றுவிட்டு, நவம்பரில், 30 வயதில் ஓய்வு அறிவித்தார். ஆரம்பத்தில் வேலையே தராமல் வைத்திருந்த அதே அணி கடைசியில் கை தாங்காத அளவு வேலை வாங்கியது.

இன்றைய யூதப் பிட்சர்களில் கோஃபாக்ஸோடு அதிகம் ஒப்பிடப்படும் மேக்ஸ் ஃப்ரீடின் பாதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அவரும் இடதுகை, அவருடைய பெரிய கர்வ்பாலும் மேலிருந்து விழுவது. சிறுவயதில் கோஃபாக்ஸின் 32ஆம் எண்ணையே அணிந்தவர். அணிகள் இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2012இல், சான் டியேகோ அவரை ஏழாவதாக எடுத்தது. 2014இல் முழங்கைத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை. 1974இல் டாட்ஜர்ஸின் டாமி ஜானுக்கு இதை முதலில் செய்தவர் ஃபிராங்க் ஜோப். ஜோப், கோஃபாக்ஸின் முழங்கையைப் பார்த்த மருத்துவர் ராபர்ட் கெர்லனின் கூட்டாளி. ஃப்ரீட் அட்லாண்டா அணிக்கு மாற்றப்பட்டு, கிளை அணிகளில் மீண்டும் எறிந்து தேறி, 2017 ஆகஸ்டில்தான் மேஜர் லீக்கில் இறங்கினார். 2019இல் 165⅔ இன்னிங்ஸ், 17 வெற்றி. 2021 உலகத் தொடரைத் தீர்மானித்த ஆறாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ், ரன் எதுவும் தரவில்லை.

அடுத்து கவனிக்க வேண்டியவர் ஜேக்கப் ஸ்டைன்மெட்ஸ். 2021இல் அரிசோனா அவரை மூன்றாவது சுற்றில் எடுத்தது. மேஜர் லீக் டிராஃப்டில் தேர்வான, மரபு வழுவாத முதல் யூதர் அவர்தான். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சப்பாத்தில் ஆட்டம் இருந்தால் வண்டியில் ஏறாமல் மைதானத்துக்கு நடந்தே போவார். 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் இஸ்ரேலுக்காக டொமினிகன் குடியரசை எதிர்த்து எறிந்தபோது வயது 19; மேனி மச்சாடோவை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அந்த ஆட்டம் முடிந்ததும் அவர் திரும்பிப் போனது மைனர் லீக்குக்கு.